மூட்டு மாற்று அறுவைக்குப் பிந்தைய பயிற்சி (கரிசல் வட்டாரம்)

இடுப்பிலோ முழங்காலிலோ செயற்கை மூட்டு வைத்துக்கொண்டவர் மறுபடி நடந்து பழகச் செய்யும் பயிற்சி இது. இன்றைய இடுப்பு மாற்றுச் சிகிச்சைக்கு 1962இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் வழிவகுத்தவர் ஜான் சார்ன்லி. இந்தியாவில் செயற்கை முழங்கால் மூட்டுக்கு 2017இல் விலை வரம்பு வந்தது. தமிழகத்தில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்த அறுவைக்கு இடமுண்டு.

தூத்துக்குடி மாவட்டம் புதூர் வட்டாரம் மானாவாரிக் கரிசல். களையெடுப்பு, மிளகாய்ப்பழம் பறிப்பு என்று குனிந்தும் குந்தியும் பார்க்கிற வேலைதான் அதிகம். மூட்டு மாற்றியவருக்கு ஆகாதவையும் அவைதான்.

பெரும்பாலும் அறுவை நடந்த அன்றோ மறுநாளோ வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்க வைப்பார்கள். பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, தொடைத் தசையை இறுக்கி விடுவது, குதிகாலைப் படுக்கையில் இழுத்து முழங்காலை மடக்குவது ஆகியவை தொடக்கப் பயிற்சிகள். முழங்கால் மாற்றியவருக்கு இரண்டு வாரத்துக்குள் 90 பாகை வரை மடக்க முயல்வார்கள். மடங்குவதைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். முழுதாக நீள்வதும் அதே அளவு முக்கியம். இதமாக இருக்கிறதென்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தே படுத்தால் கால் வளைந்தபடி நின்றுவிடும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வைத்தால் முழங்கால் தானாகத் தாழ்ந்து நீளும்.

இடுப்பு மாற்றியவருக்கு வீட்டுக் கயிற்றுக்கட்டிலே ஆபத்து. நடுவில் தொய்ந்த கட்டிலில் உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிடக் கீழே போய் மூட்டு நழுவக்கூடும். கைப்பிடியுள்ள உயரமான நாற்காலி வேண்டும். சம்மணம், கால்மேல் கால் இரண்டும் மருத்துவர் சொல்லும்வரை கூடாது. ஊன்றுகோலை நல்ல கால் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். மழை பெய்தால் கரிசல் மண் வாக்கரின் ரப்பரில் அப்பிக்கொள்ளும். கோடையில் நிலம் வெடித்துக் கிடக்கும். ஆகவே, நடைப் பழக்கம் சிமெண்ட் தரையிலோ தார்ச்சாலை ஓரத்திலோ நடக்கட்டும்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, புண்ணில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். திடீரென்று மூச்சுத் திணறினால் 108ஐ அழைக்க வேண்டும்.

பயிற்சிக்காக வாரம் இரண்டு முறை பேருந்தேறிக் கோவில்பட்டிக்குப் போய்வருவது, வாக்கரோடு இருப்பவரால் முடியாது. அதனாலேயே பலர் பயிற்சியைப் பாதியில் விடுகிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார். டிஸ்சார்ஜ் ஆகி வீடு திரும்பிய வாரமே உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைக் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள்.