தாம்பூலப் பை முதல் பத்திரிகை வரை... கல்யாண வேலையை வீட்டிலேயே செய்யப் போறீங்களா?

மண்டபம் பேசியாச்சு, சமையல்காரருக்கு அட்வான்ஸும் கொடுத்தாச்சு. அடுத்து வீட்டில் எழும் கேள்வி, "பத்திரிகை எங்கே அடிக்கிறது, தாம்பூலப் பைக்கு யார்கிட்ட சொல்றது?" அந்த நேரத்தில் யாராவது ஒருவர், பல வீடுகளில் கல்யாணப் பெண்ணே, "நாமளே பண்ணிடலாமே" என்பார். தாராளமாகப் பண்ணலாம். ஆனால், எதை வீட்டில் செய்வது, எதைக் கடைக்கு விடுவது என்று ஆரம்பத்திலேயே பிரித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி 2 மணிக்கு, மருதாணிக் கையோடு பொண்ணு உட்கார்ந்து கவர் ஒட்டிக்கொண்டிருப்பாள்.

என் அனுபவக் கணக்கு இதுதான். 100 உருப்படி வரை வீட்டில் சிரித்துப் பேசிக்கொண்டே செய்துவிடலாம். 300 என்றால் சித்தி, அத்தை, அக்கம்பக்கம் என்று ஆள் சேர்க்கணும். 500-ஐத் தாண்டினால் பேசாமல் ஆர்டர் கொடுத்துவிடுங்கள். ஊருக்கெல்லாம் கொடுக்கும் பத்திரிகையை சிவகாசி அச்சுக்கு விட்டுவிட்டு, நெருங்கிய 50 குடும்பங்களுக்கு மட்டும் கையால் செய்து கொடுப்பது நல்ல வழி.

தாம்பூலப் பை: துணிக்கணக்கு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. ஒருகாலத்தில் கேலிக்குரியதாக இருந்த மஞ்சள் பையை இப்போது கல்யாணத்தில் பெருமையாகவே கொடுக்கிறோம். தைக்கவும் இதைவிட எளிதான பை கிடையாது.

காடாத் துணி 36 அங்குல அகலத்தில் கிடைக்கும். ஒரு பைக்கு 9 அங்குல அகலம், 23 அங்குல நீளமுள்ள துண்டு போதும். இரண்டாக மடித்து, பக்கங்களில் அரை அங்குலம் தையலுக்கும், வாய்ப்பகுதியில் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அங்குலம் மடிப்புக்கும் விட்டால், 8-க்கு 10 அங்குலப் பை கிடைக்கும். ஒரு தேங்காய், வெற்றிலை, பாக்கு, ஒரு பழம் வைக்க இது தாராளம். துணியின் அகலத்தில் 4 பை வெட்டலாம். ஆக, 100 பைக்கு சுமார் 15 மீட்டர். கைப்பிடியையும் அதே துணியில் 12-க்கு 3 அங்குலப் பட்டையாக வெட்டினால், 200 பட்டைக்கு இன்னும் 5 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம் வேண்டும். வெட்டும்போது கோணல்மாணலாகப் போவதற்கும் சேர்த்து 22 மீட்டராக வாங்கிவிடுங்கள். கரை ஓரத்தில் ஊசித் துளை தெரிந்தால், அகலத்தில் கால் அங்குலம் குறைந்தாலும் பரவாயில்லை என்று அதை ஒதுக்கிவிட்டு வெட்டுங்கள்.

கைப்பிடியில்தான் எல்லோரும் ஏமாறுவோம். என் சித்தி மகள் கல்யாணத்துக்கு நாங்கள் தைத்த பைகளில், கைப்பிடியை ஒரே ஒரு நேர்த்தையலில் விட்டுவிட்டோம். பந்தி முடிந்து கிளம்பிய ஒரு பெரியவரின் பை அறுந்து, தேங்காய் மண்டபப் படிக்கட்டில் உருண்டு ஓடியது. அவர் சிரித்தார். எங்க சித்திதான் இன்றுவரை சிரிக்கவில்லை. குடுமியோடு இருக்கும் ஒரு தேங்காயே அரைக் கிலோ வரை வரும். அதனால், கைப்பிடியின் முனையை வாய் மடிப்புக்குள் ஒன்றரை அங்குலம் நுழைத்து, சுற்றிலும் சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறிபோல ஒரு தையல் போடுங்கள். முதல் பையைத் தைத்ததும் உள்ளே இரண்டு தேங்காய் போட்டு, ராத்திரி முழுக்கக் கதவுத் தாழ்ப்பாளில் தொங்கவிடுங்கள். காலையில் தையல் பிரியாமல் இருந்தால் மீதி 99-ஐ ஆரம்பிக்கலாம்.

"வெள்ளைத் துணி வாங்கி, மஞ்சள் தூளில் நாமே சாயம் ஏற்றலாமா?" என்று கேட்பீர்கள். அழகாகத்தான் வரும், ஆனால் நிற்காது. மஞ்சள் சாயம் வெயிலில் வெளுத்துவிடும். அதோடு, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கிற வீட்டுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தாம்பூலத்தில் சுண்ணாம்பும் வைத்தால் பையெல்லாம் சிவப்புத் திட்டாகிவிடும், சோப்பு பட்டாலும் இதே கதைதான். சாயம் போட்ட மஞ்சள் துணியையே வாங்குங்கள்.

பைமேல் பெயரை அச்சடிக்கச் செலவு செய்யவேண்டாம். முற்றிய வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, துணிக்கு அடிக்கும் பெயின்ட்டில் தொட்டு வைத்தால் ஐந்து இதழ்ப் பூ விழும். ஒரு ஓரத்தில் அரக்குச் சிவப்பில் மூன்று பூ இருந்தால் போதும், பை வேறு மாதிரி ஆகிவிடும். வெட்டியதும் வழவழப்பைத் துணியில் ஒற்றி எடுக்காவிட்டால் பெயின்ட் பரவும். காய்ந்த பிறகு உள்பக்கமாக இஸ்திரி போட்டால்தான் துவைக்கும்போது நிற்கும். பெயின்ட் டப்பாவில் எத்தனை நிமிடம் என்று போட்டிருப்பார்கள்.

உள்ளே வைக்கும் குங்குமத்தைக் காகிதத்தில் மடிக்காமல் சின்ன மரச்சிமிழில் வைத்தால் துணி கறையாகாது. வெற்றிலையை முதல் நாளே பையில் போட்டு வைக்காதீர்கள், வாடிப்போகும். ஈரத்துணியில் சுற்றிவைத்து, முகூர்த்தத்தன்று காலையில் நிரப்ப இரண்டு பேரை முன்கூட்டியே பேசிவையுங்கள். தாலி கட்டும் நேரத்தில் பின்கட்டில் மாட்டிக்கொள்ளாதவர்களாகப் பார்த்துச் சொல்லுங்கள். அவர்களுக்கும் கல்யாணம் பார்க்க ஆசை இருக்கும்!

பத்திரிகை: அழகைவிட எழுத்து முக்கியம்

ஏ4 அளவு அட்டையை இரண்டாக மடித்தாலே அம்சமான பத்திரிகை. வீட்டு பிரின்டரில் பெரும்பாலும் 200 ஜி.எஸ்.எம். வரைதான் சிக்காமல் போகும், வாங்கும் முன் உங்கள் பிரின்டரின் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். அட்டையை அப்படியே மடித்தால் முதுகு வெடிக்கும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு இழுத்துவிட்டு மடித்தால் கடையில் மடித்ததுபோல இருக்கும்.

நான்கு மூலையிலும் மஞ்சள் தடவும் வழக்கம் இருக்கிறதே, அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. இங்க்ஜெட் பிரின்டர் மை தண்ணீர் பட்டால் கரையும். எழுத்தை ஓரத்திலிருந்து ஒரு அங்குலம் உள்ளே தள்ளி அமையுங்கள். மஞ்சளைக் குழைக்கும்போது தண்ணீர் குறைவாக, கெட்டியாக இருக்கட்டும். லேசர் பிரின்ட் என்றால் இந்தப் பயம் இல்லை. ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அடிப்பதென்றால், கோப்பைப் பி.டி.எஃப். ஆக மாற்றிக் கொண்டுபோங்கள். அங்கே உங்கள் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி, மாப்பிள்ளை பெயரே வேறாகிவிடும்.

தபாலில் அனுப்புபவர்களுக்கு ஒரு விஷயம். 200 ஜி.எஸ்.எம். ஏ4 அட்டை ஒன்று சுமார் 12.5 கிராம். தபால் கட்டணம் 20 கிராம் அடுக்காகக் கூடும். கவரோடு சேர்த்தாலே 20-ஐ நெருங்கிவிடும். அதன்மேல் முத்தும் ஜரிகையும் ஒட்டினால் எடையும் ஏறும், வழியில் நசுங்கவும் செய்யும். அலங்காரப் பத்திரிகையை நேரில் வைக்கிறவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது, விட்டுப்போன பெயர். "பெரியப்பா பேரு இல்லாம ஒரு பத்திரிகையா?" என்று ஆரம்பிக்கும் மனஸ்தாபம், பிள்ளைக்குக் காது குத்தும் வரை ஓடும். வரைவை அடிக்கும் முன் இரண்டு வீட்டிலும் வயதில் மூத்தவரை உட்காரவைத்து, ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்துக் காட்டுங்கள். முன்னெழுத்து, 'தெய்வத்திரு', ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் அவர்கள் வாயாலேயே ஒப்புக்கொள்ள வையுங்கள். தேதியையும் கிழமையையும் தமிழ் மாதத்தையும் பஞ்சாங்கத்தோடு இன்னொருவர் தனியாகச் சரிபார்க்கட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டு சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். பதிவு அலுவலகத்தில் கல்யாணப் பத்திரிகையையும் கேட்பார்கள். கையால் செய்கிறோம் என்ற உற்சாகத்தில் 'அம்மு - கண்ணா' என்று செல்லப்பெயர் மட்டும் போட்டால் அங்கே அலையவேண்டி வரும். மணமக்கள் பெயரை ஆதாரில் இருப்பதுபோலப் போடுங்கள், மண்டபத்தின் முகவரியும் முழுசாக இருக்கட்டும். செல்லப்பெயருக்கு அடைப்புக்குறி இருக்கவே இருக்கு. 5 பத்திரிகையைத் தனியாக எடுத்து பீரோவில் வைத்துவிடுங்கள், எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுத் தேடுகிற வீடுகள் நிறைய.

விதைக் காகிதம், கொட்டான்...

ஒருபக்கம் எழுதிய வெள்ளைத் தாள்களைக் கிழித்து ராத்திரி ஊறவைத்து, காலையில் மிக்ஸியில் கூழாக்குங்கள். விதையை அரைத்த பிறகுதான் கலக்கவேண்டும், துளசி, தண்டுக்கீரை மாதிரி பொடி விதையாக இருக்கட்டும். சல்லடையில் மெலிதாகப் பரப்பி, துணியால் ஒற்றி நீரை எடுத்து, நிழலில் காற்றோட்டமாக ஒரே நாளில் காயவிடுங்கள். ஈரம் நின்றால் பத்திரிகை வைக்கும் முன்பே கீரை முளைத்துவிடும். பிரின்டரில் விடாதீர்கள், மெஷின் போய்விடும். பையில் கட்டும் நன்றிச் சீட்டாகக் கையெழுத்தில் எழுதிக் கட்டுங்கள்.

பனை ஓலைக் கொட்டான் வீட்டில் முடைகிறேன் என்று மட்டும் இறங்காதீர்கள். கை பழகவே நாளாகும். செட்டிநாட்டுப் பக்கம் அதில் தேர்ந்த பெண்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வாங்கிவிட்டு, உள்ளே வைக்கும் பொரிவிளங்காய் உருண்டையை நீங்கள் பிடியுங்கள்.

துணி வாங்குவதை முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். ஒருநாள் வெட்டுதல், அடுத்த வாரம் பக்கத் தையல், அதற்கடுத்த வாரம் கைப்பிடி என்று பிரித்தால் ஒரு மெஷினே போதும். பத்திரிகை ஒன்றரை மாதம் முன்பே கைக்கு வரணும். முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைத்துவிட்டு, அடுத்ததைத் தாய்மாமாவிடம் கொடுத்துவிட்டு வந்து மீதிக் கவர்களில் பெயர் எழுத உட்காருங்கள்.