ஹெரால்டும் அதன் வாரிசுகளும்

குடும்பத்துப் பெரியவர் ஒருவர் மவ்த்தான பிறகு அவர் விட்டுச் சென்ற வீடும் மனையும் நகையும் பேசப்படும் அளவுக்கு அவருடைய மோட்டார் வண்டி பேசப்படுவதில்லை. தேய்ந்து விலை குறைந்த பொருள்தானே என்னும் எண்ணம் அதற்குக் காரணமாகலாம். ஆயினும் சென்னைக்குத் தெற்கே, தோல் தொழிலால் பெயர் பெற்ற பல்லாவரம், குரோம்பேட்டை முதல் தாம்பரம் தாண்டி வண்டலூர் வரையிலான ஊர்களில், விலையை மீறிய மதிப்புடன் கைமாறிய வண்டி ஒன்று உண்டு. அப்பகுதியின் வாசலிலேயே பிறந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு அது. பெரியத்தா வாங்கி, வாப்பா ஓட்டி, பேரன் கைக்கு வந்த ஹெரால்டின் வரலாற்றை அறிந்தால்தான் அதனைப் பங்கிடும் கேள்வியின் கனமும் விளங்கும்.

ஸ்டாண்டர்டு என்னும் பெயரே ஒரு வாரிசுச் சொத்துதான். இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரில் 1903இல் ரெஜினால்டு மாட்ஸ்லே என்பவர் தொடங்கிய கம்பெனியின் பெயர் அது. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948இல், அந்தக் கம்பெனியும் சென்னையின் யூனியன் கம்பெனியும் கூடி ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் நிறுவனத்தை அமைத்தன. பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடையே, திருச்சி செல்லும் பெருஞ்சாலையை ஒட்டி அதன் தொழிற்சாலை எழுந்தது. முதலில் வான்கார்டு, பின்னர் எயிட், டென், பென்னன்ட் என்று வண்டிகள் வந்தன. உதிரிகளைக் கப்பலில் தருவித்துப் பூட்டி விற்பதோடு நிற்பவர்களுக்கு இங்கே இடமில்லை, படிப்படியாக இந்நாட்டிலேயே உற்பத்தி செய்பவர்களே தொடரலாம் என்று இந்திய அரசு 1953இல் முடிவு செய்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் விலகிச் சென்றன. எஞ்சியவர்கள் சிலர். கார் வாங்க நினைத்த இந்தியக் குடும்பத்தின் முன் கல்கத்தாவின் அம்பாசிடர், பம்பாயின் ஃபியட், சென்னையின் ஸ்டாண்டர்டு என மூன்றே முக்கிய வழிகள் இருந்தன.

இதில் ஒரு விந்தையும் உண்டு. தாய்க் கம்பெனியை லேலண்டு நிறுவனம் 1961இல் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. ஆங்கிலேயர் வழக்கில் ‘ஸ்டாண்டர்டு’ என்னும் சொல் மேன்மை குறித்த நிலை போய்ச் ‘சாதாரணமானது’ என்று தேய்ந்துவிட்டதால், 1963க்குப் பின் அப்பெயரில் அங்கே கார்கள் வரவில்லை. வண்டலூரிலோ மேலும் கால் நூற்றாண்டுக் காலம் அப்பெயர் வாழ்ந்தது. மகன் மறந்த பெயரை மருமகன் காத்த கதை எனலாம்.

1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஹெரால்டின் உருவை வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலொட்டி. கட்டியக்காரன் என்பது பெயரின் பொருள். அவ்வண்டி 1961இல் சென்னையில் உற்பத்தியாகத் தொடங்கியது. எஞ்சின் 948 கன சென்டிமீட்டர், நான்கு சிலிண்டர். அன்றைய புதிய கார்கள் பலவும் சட்டகமும் கூடும் ஒன்றான ஒற்றை உடலாகச் செய்யப்பட்டன. ஹெரால்டோ தனிச் சட்டகத்தின் மேல் தகடுகளை போல்ட்டுகளால் பூட்டிச் செய்யப்பட்டது. இது முன்யோசனையின் விளைவன்று. கார் உடல் செய்து தரும் பெரிய தொழிற்சாலைகள் போட்டிக் கம்பெனிகளின் கைக்குப் போனமையால், சிறு சிறு பாகங்களைப் பல இடங்களில் செய்வித்துக் கூட்டவேண்டிய நெருக்கடி ஸ்டாண்டர்டுக்கு நேர்ந்தது. அவர்களின் நெருக்கடி நம் வாரிசுகளுக்கு வாய்ப்பாயிற்று! ஒரு தகடு துருப்பிடித்தால் அதனை மட்டும் கழற்றி மாற்றலாம். முன்பக்கம் முழுவதும், சக்கரத்தின் மேலுள்ள இறக்கைகளோடு சேர்ந்து, முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் சக்கரத்தின் மீதே அமர்ந்து எஞ்சினைச் சீர்செய்யலாம். ஏறத்தாழ 25 அடி விட்டத்துக்குள் வண்டி வட்டமடித்துத் திரும்பிவிடும். பல்லாவரத்துக் குறுகிய தெருக்களில் ஓட்டியவர்க்கு இதன் அருமை புரியும்.

குறையும் இருந்தது. பின் சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும் அச்சு அமைப்பு, பாரம் ஏற்றி வளைவுகளில் விரையும்போது வண்டியைத் தடுமாறச் செய்தது. இதனினும் குடும்பங்களுக்குத் தொல்லை தந்தது இரண்டே கதவுகள் இருந்ததுதான். முன் இருக்கையை மடக்கி, குனிந்து, வயதான உம்மாமார் பின்னே ஏறுவது எளிதா? ஆங்கிலேயர்கள் தங்கள் ஹெரால்டுக்குக் கடைசிவரை நான்கு கதவுகள் வைக்கவில்லை. வண்டலூர்ப் பொறியாளர்கள் 1968இல் வெளியிட்ட மார்க் 3 வண்டியில் வைத்தார்கள். பெற்ற சொத்தை அப்படியே வைத்திராமல் தம் வீட்டுத் தேவைக்குத் திருத்திக்கொண்ட நிகழ்ச்சி அது. சென்னைத் தொழில் வரலாறு எழுதுவோர் இதற்கு இன்னும் சற்று இடம் ஒதுக்கலாம்.

அக்காலத்தில் காசு இருந்தாலும் கார் உடனே கிடைக்காது. முன்பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வரிசையில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டும். 1959ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டு ஆணைப்படி, வாங்கிய வண்டியை இரண்டாண்டுக்குள் அனுமதியின்றி விற்கவும் முடியாது. இவ்வாறு கிட்டிய பொருளைப் பெரியவர்கள் சேமநிதிபோல் பேணியதில் வியப்பில்லை. பேணுவதற்கான வசதியும் அருகிலேயே வளர்ந்தது. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ், பாடியில் லூக்காஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா ஆகிய உதிரிபாகத் தொழிற்சாலைகள் சென்னையிலேயே இருந்தன. எங்கும் கிடைக்காத பாகத்தைத் தேடிப் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளுக்குச் செல்லலாம். நம்பகமான வண்டி என்று நாம் சொல்வதில் பாதி எஞ்சினுடைய குணம். மறுபாதி இந்தக் கடைகளும் கைகளும்.

1970களின் தொடக்கத்தில் ஹெரால்டின் இடத்துக்குக் கெஸல் வந்தது. மானைக் குறிக்கும் ‘கஸால்’ என்னும் அரபுச் சொல்லே ஐரோப்பிய மொழிகளில் புகுந்து கெஸல் ஆயிற்று. நம் மதரஸாப் பிள்ளைகளுக்குப் பழகிய சொல் அப்படிச் சுற்றி வளைந்து பெருங்களத்தூருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஊசலாடும் அச்சை நீக்கி உறுதியான முழு அச்சு வைத்தனர். ஆனால் 1973இன் எண்ணெய் நெருக்கடியும், தளராத விலைக் கட்டுப்பாடும் காலத்தைக் கடினமாக்கின. 1977இல் கெஸலும் நின்றது. பிறகு எட்டாண்டுகள் வேன்கள் மட்டுமே. 1985இல் ரோவர் காரின் பெரிய உடலுக்குள் வான்கார்டு காலத்து எஞ்சினின் வழிவந்த எஞ்சினைப் பொருத்தி ஸ்டாண்டர்டு 2000 என்று வெளியிட்டனர். 1983 இறுதியில் வந்த மாருதி நாட்டையே கவர்ந்திருந்த வேளை அது. பட்டு ஷெர்வானிக்குள் பழைய கைலி உடுத்தியதுபோன்ற அவ்வண்டியை வாங்குவோர் குறைவு. 1988இல் தொழிற்சாலை மூடப்பட்டது. எஞ்சிய பொருள்கள் ஏலத்தில் போக 2006 ஆயிற்று. இன்று அந்நிலத்தில் நிற்பவை கணினி அலுவலகங்களும் குடியிருப்புகளும்.

மையித்தின் சொத்தில் அடக்கச் செலவும் கடனும் தீர்ந்த பின்னரே வஸிய்யத்தும் வாரிசுப் பங்கும் என்பது நம் ஷரீஅத். கம்பெனி ஒன்று மாளும்போது அதன் முதற்கடன் யாருடையது? தொழிலாளரின் ஊதிய நிலுவை, ஈடு பெற்றுக் கடன் கொடுத்தவர்களின் உரிமைக்கு இணையானது என்று 1985ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கம்பெனிச் சட்டம் ஏற்றுக்கொண்டது. தாமதமாகவேனும் வந்த அந்த நீதியை நம்மவர் எளிதில் புரிந்துகொள்வர்.

இனி வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு வருவோம். ஒருவர் மனைவியையும் இரு ஆண்மக்களையும் ஒரு மகளையும் விட்டு மறைந்தார் எனக் கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் ஆணுக்குப் பெண்ணின் இரு மடங்கு. வண்டியை 40 பங்காக்கினால் தாய்க்கு 5, மகன்களுக்குப் பதினான்கு பதினான்கு, மகளுக்கு 7. ஹெரால்டைப் போல்ட்டு கழற்றிப் பிரிக்கலாம் என்று மேலே சொன்னோம் என்பதற்காக யாரும் இவ்வழியில் இறங்கமாட்டார்கள்! மதிப்பிட்டு ஒருவர் எடுத்துக்கொண்டு மற்றவர்க்குரிய பங்கைப் பணமாகத் தருவதும், மற்றவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுப்பதும் ஆகுமான வழிகளே. ஆனால் வாப்பாவின் வண்டி மூத்தவனுக்கே என்று யாரையும் கேளாமல் சாவியை எடுத்துக்கொள்ளும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அதில் தங்கையின் 7 பங்கும் தாயின் 5 பங்கும் சத்தமின்றிக் கரைந்துபோகின்றன. சிறு பொருள் என்பதால் கேட்க அவர்கள் கூச்சப்படுகிறார்கள்.

பெரியவர் தம் வாழ்நாளிலேயே ஹிபாவாக வழங்கினால் இச்சிக்கல் எழாது. ஆனால் வாய்ச்சொல் மட்டும் போதாது. பெறுபவர் ஏற்கவும் பொருள் அவர் வசம் வரவும் வேண்டும். மரணப் படுக்கையில் கொடுப்பது வஸிய்யத்தின் நிலையை அடையும். வாரிசுக்கு வஸிய்யத்து, ஏனைய வாரிசுகள் இசைந்தாலன்றிச் செல்லாது. தந்தையை இழந்த பேரனுக்கோ, சிறிய தந்தையர் உயிரோடிருக்க, பாட்டனார் சொத்தில் பங்கு கிடைக்காமல் போகும். தம்மை டாக்டரிடமும் தொழுகைக்கும் அழைத்துச் சென்ற அப்பேரனுக்கு வண்டி சேரவேண்டும் என்று பெரியவர் விரும்பினால், ஹிபாவோ மூன்றில் ஒரு பங்குக்கு உட்பட்ட வஸிய்யத்தோதான் துணை. பிள்ளைகளுள் ஒருவருக்கு மட்டும் அன்பளிப்பு வழங்க முனைந்த பஷீர் (ரலி) அவர்களிடம், மற்றப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என நபிகள் நாயகம் (ஸல்) வினவிய செய்தி ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. ஹிபா எழுதுமுன் அதனை நினைவிற்கொள்ளல் தகும்.

அரசாங்கத்தின் பதிவேடு வேறு. உரிமையாளர் இறந்த முப்பது நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்தால் மூன்று மாதம் வரை வண்டியை ஓட்டலாம். அதற்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இதைச் செய்யாமல், எம்.எஸ். என்று தொடங்கும் பதிவெண்ணோடு மர்ஹூம் பெயரிலேயே ஓட்டித் திரிபவர்கள், விபத்து நேர்ந்த நாளில்தான் காப்புறுதியின் சங்கடத்தை அறிகிறார்கள்.

2021இல் வந்த விதி மற்றொரு கதவையும் திறந்துள்ளது. ஐம்பதாண்டு கடந்த, உருமாறாத வண்டிகளைப் பழம்பொருள் வண்டியாகப் பதியலாம். அப்படிப் பதிந்தால் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் கொண்டுசெல்லலாமே தவிர அன்றாடம் ஓட்டக் கூடாது. சாதாரணப் பதிவிலேயே வைத்தால் ஐந்தாண்டுக்கொருமுறை தகுதிச் சோதனையும், 2022க்குப் பின் பன்மடங்கு உயர்ந்த கட்டணமும் உண்டு. எம்மைக் கேட்டால் அச்செலவை ஏற்கவே சொல்வோம். நான்கு கதவு வைத்த மார்க் 3, உம்மாவை ஏற்றிச் செல்வதற்காகச் செய்யப்பட்ட வண்டி.