கோட்டைக்குள் ஒரு தொட்டில்

யாழ்ப்பாணக் கோட்டையின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் மூன்று ஆண்டுகளையே எடுத்துக் கூறுவர். 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658இல் ஒல்லாந்தர் அவர்களை வென்றனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். கொடிகள் மாறிய கதை இவ்வளவில் முடிந்துவிடும். ஆனால் ஒல்லாந்தர் இக்கோட்டையில் இருந்த காலம் 137 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளிலும் பகைவர் எவரும் இதன் மதிலில் ஏறியதில்லை. அப்படியாயின் கோட்டைக்குள் இருந்த படைவீரர்கள் அந்த நெடுங்காலத்தை எவ்வாறு கழித்தனர்? காவல் காத்தனர், சம்பளம் வாங்கினர், மணம் புரிந்தனர், பிள்ளை பெற்று வளர்த்தனர். போர்களைப் பற்றி எழுதப்பட்டவை பல. பீரங்கி மேடைக்குக் கீழே தளர்நடை பயின்ற குழந்தைகளைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சில. அக்குழந்தைகளின் இல்லங்களை நோக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் அவ்விடத்தை மனக்கண்முன் கொண்டு வருதல் வேண்டும். போர்த்துக்கேயர் கட்டியது நாற்கோணக் கோட்டை. அதனை ஒல்லாந்தர் 1680ஆம் ஆண்டளவில் ஐங்கோணமாக மாற்றிக் கட்டினர். யாழ்ப்பாணக் கடலோரத்துப் பவளக் கல்லே அதற்கு ஆதாரமாயிற்று. ஐந்து கொத்தளங்களுக்கும் தங்கள் தாயகத்து மாகாணங்களான ஒல்லாந்து, சீலாந்து, கெல்டர்லாந்து, உத்திரெக்ற், பிரீஸ்லாந்து என்பவற்றின் பெயர்களையே சூட்டினர். உள்ளே தளபதியின் மாளிகையும், படைவீடுகளும், பண்டசாலைகளும், மருத்துவச்சாலையும் இருந்தன. 1706ஆம் ஆண்டிலே சிலுவை வடிவான தேவாலயம் ஒன்றும் எழுந்தது. அதிலே ஒலித்த மணி ஒல்லாந்தருடையதன்று. ‘அற்புதங்களின் அன்னை’ என்ற பெயரும் 1648 என்ற ஆண்டும் பொறிக்கப்பெற்ற போர்த்துக்கேயர் காலத்து மணி அது. தோற்றவர்களின் மணி வென்றவர்களின் பிள்ளைகளை ஞானஸ்நானத்துக்கு அழைத்தது. வீடுகளுக்குள்ளும் இதை ஒத்த ஒன்று நிகழ்ந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

அக்காலத்துப் படைவீரன் யார்? ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கூலிப் படையாள். ஒல்லாந்திலே பிறந்தவனாக மட்டும் அவன் இருக்க வேண்டியதில்லை. ஜேர்மானிய நாடுகளிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வறுமையால் உந்தப்பட்டு வந்தோர் பலர். ஐந்தாண்டு ஒப்பந்தத்திலே கையெழுத்திட்டு, ஏழெட்டு மாதம் கடலில் அலைந்து, வழியிலே நோயால் மாண்டோர் போக எஞ்சியோர் இங்கு வந்து சேர்ந்தனர். சாதாரணப் படைவீரனுக்கு மாதச் சம்பளம் ஏறக்குறைய 9 கில்டர். அதிலும் ஒரு பகுதியைக் கம்பனி தன் கணக்கிலே நிறுத்தி வைத்தது. ஊரிலே மனைவியோ தாயோ இருப்பின், ஆண்டுக்கு மூன்று மாதச் சம்பளம் வரை அவர்களுக்குச் சேரும்படி ஒரு பத்திரம் எழுதி வைக்கலாம். கடல் கடந்து சென்றவனையும் அவனை எதிர்பார்த்திருந்த குடும்பத்தையும் இணைத்த கயிறு அந்த ஒற்றைத் தாளே.

ஒல்லாந்திலிருந்து பெண்களைக் கொண்டுவந்து குடியேற்றும் முயற்சியைக் கம்பனி பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கைவிட்டது. உயர்ந்த உத்தியோகத்தர் மட்டுமே மனைவியரை உடன் அழைத்து வந்தனர். எனவே சாதாரண வீரன் இல்லறம் அமைக்க விரும்பினால், கீழைத் தேசத்திலேயே துணையைத் தேட வேண்டியவனானான். 1658ஆம் ஆண்டு முற்றுகை மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தது. அது முடிந்தபோது போர்த்துக்கேய ஆடவர் பலர் கப்பலேற்றப்பட்டனர். கைம்பெண்களும் மணமாகாத பெண்களும் எஞ்சினர். அவர்களிற் பலர் போர்த்துக்கேயத் தந்தைக்கும் இந்நாட்டுத் தாய்க்கும் பிறந்தவர்கள். நேற்று மதிலுக்கு வெளியே நின்று குண்டெறிந்தவனை இன்று கணவனாக ஏற்கும் நிலை அவர்களுக்கு வந்தது. அவர்கள் மனத்தில் என்ன இருந்ததென்று எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை. வென்றவனை மணந்தால் கூரையும் அரிசியும் கிடைக்கும். மறுத்தால் இரண்டும் இல்லை என்பது மட்டும் தெளிவு.

அத்திருமணத்துக்கும் விதிகள் இருந்தன. கம்பனியின் அனுமதி வேண்டும். மணமகள் கிறிஸ்தவளாதல் வேண்டும். ஆலயத்திலே மூன்று முறை அறிவித்தல் வேண்டும். ஆசியாவிற் பிறந்த மனைவியையும் மக்களையும் ஐரோப்பாவுக்கு அழைத்துச் செல்வதற்கும் தடைகள் விதிக்கப்பட்டிருந்தன. ஆகவே இங்கு மணம் புரிந்த வீரன் பெரும்பாலும் இங்கேயே தங்கிவிடும் முடிவையும் அன்றே எடுத்தவனாவான். முதற் குழந்தை பிறந்ததும் அவனுடைய ஐந்தாண்டு ஒப்பந்தம் வாழ்நாள் ஒப்பந்தமாயிற்று எனலாம்.

இனி அக்குடும்பத்தின் ஒரு நாளை நோக்குவோம். கோட்டைக்குக் கிழக்கே ஒல்லாந்தர் வகுத்த நகரத்திலே குடும்பங்கள் வாழ்ந்தன. இன்றும் பறங்கித்தெரு என்னும் பெயர் அதற்குச் சான்று. இரவிலே கோட்டைக் கதவு அடைக்கப்படும். விடியலிலே முரசொலியுடன் திறக்கப்படும். அந்த முரசே ஊருக்கும் நேரம் காட்டியது. வீட்டிலே அடுப்பு மூட்டப்படும். சம்பளத்தோடு அரிசியும் அளக்கப்பட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் விளையும் நெல் ஊர் மக்களுக்கே போதாதாகையால், சோழமண்டலக் கரையிலிருந்தும் வன்னியிலிருந்தும் அரிசி வர வேண்டும். காற்று மாறித் தோணிகள் தாமதித்தால், படைவீரன் வீட்டிலும் குடியானவன் வீட்டிலும் உலை ஒன்றுபோலவே தாழும். கோதுமை உண்டு வளர்ந்த தந்தையின் பிள்ளை, சோறுண்டு, மீன் குழம்பின் மணமறிந்து, பனங்கட்டியைச் சுவைத்து வளர்ந்தது.

தந்தை வீட்டில் இருக்கும் நாட்களோ சில. குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இடையே ஆனையிறவு முதலிய கடவைகளிலே சிறு காவற் கோட்டைகள் இருந்தன. ஊர்காவற்றுறைக்கும் காரைதீவுக்கும் நடுவே கடலுக்குள் ஹம்மன்ஹீல் கோட்டை நின்றது. இலங்கையைப் பன்றித் தொடையின் வடிவாகக் கண்ட ஒல்லாந்தர், அத்தொடையின் குதிகால் என்ற பொருளில் அதற்கு இப்பெயரிட்டனர். அங்கு குடிநீர்க்கும் மழையைத் தேக்கி வைத்தே வாழ வேண்டும். மன்னாரிலும் முல்லைத்தீவிலும் காவல் இருந்தது. யானைகள் ஊர்காவற்றுறையில் ஏற்றப்படும் பருவத்திலும், மன்னார்க் கடலிலே முத்துக் குளிப்பு நடைபெறும் பருவத்திலும் காவலுக்கு ஆள் வேண்டும். இரண்டு வயதுக் குழந்தைக்கு இவையெல்லாம் விளங்கா. தந்தை என்பவர் திங்கள் பலவற்றுக்கு ஒரு முறை சப்பாத்து ஒலிக்க வரும் ஒரு புதிய மனிதர். அவரைக் கண்டு அழுது தாயின் சேலைக்குள் முகம் மறைக்கும் பிள்ளையை எக்காலத்துப் படைவீரர் இல்லத்திலும் காணலாம்.

அப்படியாயின் குழந்தையை வளர்த்தவர் யார்? தாயும், பாட்டியும், பல வீடுகளிலே அடிமைப் பெண்ணும். இதனை மூடி மறைத்தலாகாது. சோழமண்டலக் கரையிலே போரும் பஞ்சமும் மிகுந்த காலங்களில், வயிற்றுக்கு வழியின்றி விற்கப்பட்ட மக்கள் தோணி தோணியாக இக்கரைக்குக் கொண்டு வரப்பட்டனர். 1694 முதல் 1696 வரையான குறுகிய காலத்திலே மட்டும் இவ்வாறு வந்தோர் 3,500 பேருக்கு மேற்பட்டவர் என்பதற்குக் கம்பனியின் ஏடுகளே சான்று. அவர்கள் தமிழ் பேசியவர்கள். தலைக்கு இவ்வளவு என்று கம்பனி வரியும் வாங்கிக்கொண்டது. அவ்வாறு வந்த ஒருத்தி பிறர் தொட்டிலை ஆட்டியபோது, அவளுடைய குழந்தை எங்கே இருந்தது என்று கணக்கெழுதியவர் கேட்கவில்லை. இந்நாட்டில் அடிமை முறை சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்பட்டது 1844ஆம் ஆண்டிலேதான். கோட்டையில் ஒலித்த தாலாட்டைப் பற்றிப் பேசும்போது, அதைப் பாடியவள் விலைக்கு வாங்கப்பட்டவளாகவும் இருந்தாள் என்பதை மறந்துவிட முடியாது.

இங்கேதான் கம்பனியின் திட்டம் தோற்றது. ஒல்லாந்தர் தங்கள் மொழியை இந்நாட்டிலே வேரூன்றச் செய்ய விரும்பினர். போர்த்துக்கேய மொழியை ஒழிக்கக் கட்டளைகள் பிறந்தன. பயன் இல்லை. 1658இற் படையுடன் யாழ்ப்பாணம் வந்த போதகர் பால்தேயஸ் தாமே போர்த்துக்கேய மொழி கற்றுப் பிரசங்கம் செய்ய வேண்டியதாயிற்று. தந்தை பேசும் ஒல்லாந்தம் மாதம் சில நாட்களே காதில் விழும். தாய் பேசும் போர்த்துக்கேயமும் செவிலி பேசும் தமிழும் எந்நேரமும் காதில் விழும். குழந்தை எதைக் கற்கும்?

இதற்குச் சான்று தேடி ஏட்டுச் சாலைக்குச் செல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துத் தமிழிலேயே அது இருக்கிறது. குசினி, அலுமாரி, மேசை, கதிரை, வாங்கு, யன்னல், விறாந்தை, சாவி, கோப்பை, பாண், சப்பாத்து, துவாய், லேஞ்சி, ஆயா என்பன போர்த்துக்கேயத்தின் வழி வந்தவை. கந்தோர், நொத்தாரிசு, லாச்சி என்பன ஒல்லாந்தத்தின் வழி வந்தவை. போர்த்துக்கேயர் இங்கு ஆண்டது 40 ஆண்டுகளுக்கும் குறைவு. ஒல்லாந்தர் ஆண்டது 137 ஆண்டுகள். எனினும் வீட்டுக்குள் நிலைத்தவை முன்னவர் சொற்களே. போஞ்சி போன்ற சில விலக்குகள் உண்டு. ஆயினும் பொதுவிலே ஒல்லாந்தர் மொழி கந்தோர் வாசலோடு நின்றுவிட்டது. அவர்களிடம் தோற்றவர் மொழி அவர்களுடைய குசினிக்குள்ளேயே புகுந்து, அங்கிருந்து அயல் வீடுகளுக்கும் பரவியது. கோட்டையைப் பிடிக்கப் படை போதும். தொட்டிலைப் பிடிக்கப் படையால் இயலாது.

படைவீரன் இறந்தால் குடும்பத்தின் கதி என்ன? வெப்பு நோயும் வயிற்றுக் கடுப்பும் அம்மையும் அடிக்கடி கேட்ட கேள்வி இது. ஆலயத்தின் தருமநிதி வறிய விதவைக்கும் குழந்தைக்கும் ஓரளவு உதவிற்று. தந்தை விட்டுச்சென்ற பொருள் இருப்பின், அதனைப் பிள்ளை வளரும் வரை காக்க யாழ்ப்பாணத்திலே ஓர் அநாதைச் சபை இயங்கிற்று. விதவை மறுமணம் புரியும்போது முதற் கணவனின் பிள்ளைகளுக்குரிய பங்கு இழக்கப்படலாகாது என்பதே அதன் கவலை. இளம் விதவைகள் விரைவில் மறுமணம் புரிவதே வழக்கமாயிருந்தமையால், அக்கவலை வீணன்று.

இதே கவலை கோட்டைக்கு வெளியேயும் இருந்தது. ஆளுநர் கொர்னேலிஸ் யோவான் சைமன்ஸ் இட்ட கட்டளைப்படி, யாழ்ப்பாணத்திலே நெடுங்காலம் வாழ்ந்த கிளாஸ் ஈசாக்ஸ் என்னும் அதிகாரி தமிழரின் வழக்கங்களைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதனைப் பார்வையிட்டனர். 1707இல் நிறைவெய்திய அத்தொகுப்பே தேசவழமை. மனைவி இறந்தபின் கணவன் மறுமணம் புரிந்தால், தாய் கொணர்ந்த சீதனமும் தேடிய தேட்டத்திற் பாதியும் முதல் தாரத்துப் பிள்ளைகளுக்கு உரியன என்றும், பாட்டி முதலிய உறவினர் அப்பிள்ளைகளை ஏற்று வளர்ப்பர் என்றும் அது கூறும். உள்ளே ஒல்லாந்தர் சட்டம், வெளியே தமிழர் வழக்கம். ஆலயம் எழுந்ததும் இத்தொகுப்பு நிறைவெய்தியதும் அடுத்தடுத்த ஆண்டுகளிலே. மதிலின் இரு புறத்தாரும் அஞ்சியது ஒன்றையே: பெற்றோரை இழந்த குழந்தையின் கையிலுள்ளதை மற்றவர் பறித்துவிடுவரோ என்பது.

1792இல் கோட்டையின் வெளி அரண்கள் நிறைவுற்றன. மூன்றே ஆண்டுகளில், 1795 செப்டெம்பர் 28ஆம் நாள், பெரும் போர் எதுவுமின்றிக் கோட்டை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் செலவிட்டுப் பலப்படுத்திய மதில் அன்று பயன்படவில்லை. கம்பனியின் கொடி இறங்கிற்று. அதன் சம்பளப் பட்டியலும் மூடப்பட்டது. ஆனால் குடும்பங்கள் எங்கே போகும்? ஒல்லாந்து என்பது அவர்களிற் பலர் காணாத நாடு. பலர் இங்கேயே தங்கினர். பின்னர் பறங்கியர் சமூகத்தினராய் ஆங்கிலேயர் ஆட்சியிலே எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் நியாயவாதிகளாகவும் விளங்கினர்.

உயர்ந்த உத்தியோகத்தரும் அவர்தம் மனைவி மக்களும் அடக்கம் செய்யப்பட்ட இடங்களைக் காட்டும் கற்கள் அச்சிலுவை ஆலயத்தின் தரையிலே பதிக்கப்பட்டிருந்தன. 1990ஆம் ஆண்டிலே கோட்டை மீண்டும் முற்றுகைக்குள்ளாயிற்று. இருநூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேல் நின்ற அவ்வாலயம் அப்போரிலே அழிந்தது. போர் முடிந்தபின் மதில்கள் திருத்தப்பட்டன. இன்று மக்கள் அவற்றின்மேல் உலாவச் செல்கின்றனர்.

சாதாரண வீரனின் குழந்தைக்கோ அதை வளர்த்த பெண்ணுக்கோ அங்கே கல் இருந்ததில்லை. அவர்கள் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தல் அரிது. எனினும் அவர்களுடைய நாளாந்த வாழ்வின் சுவடு முற்றும் அழிந்துவிடவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, மேசையிலே பாணும் கோப்பையும் வைத்து, பிள்ளையின் வாயைத் துவாயால் துடைக்கும் யாழ்ப்பாணத்துத் தாய் ஒருத்தி, தான் அறியாமலே அவர்களுடைய சொற்களைத் தன் பிள்ளைக்குக் கற்றுக் கொடுக்கிறாள்.