குடிவழிப் பதிவேடுகளும் அவற்றைப் படிக்கும் அறிவும்

1. தம் குடும்பத்தின் வரலாற்றைத் தாமே தேடித் தொகுப்பது இன்று பலருக்கு ஓய்வுநேர ஈடுபாடாக உள்ளது. வட இந்தியாவில் அத்தகையோர் நாடும் இடங்களுள் ஒன்று ஹரித்துவார். அங்குள்ள பண்டாக்கள், அதாவது தீர்த்தப் புரோகிதர்கள், 'பஹி' எனப்படும் நீண்ட ஏடுகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர். வருபவர் தம் சாதியையும் பூர்வீக ஊரையும் கூறினால், அவ்வூருக்குரிய பண்டா ஏட்டைப் பிரிப்பார். முன்னோர் வருகையைப் படித்துக் காட்டியபின், புதிய பிறப்பு, திருமணம், இறப்புகளைச் சேர்த்து வந்தவரின் கையொப்பம் பெறுவார். 1947 பிரிவினையில் மேற்குப் பஞ்சாபிலிருந்து வெளியேறிய குடும்பங்களுக்கு, இழந்த ஊரின் பெயரும் முன்னோர் பெயரும் ஒருங்கே எஞ்சிய இடம் பெரும்பாலும் இவ்வேடே எனலாம்.

1970களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவின் யூட்டா வம்சாவளிச் சங்கம் இவ்வேடுகளை நுண்படமாக்கியது. இதனால் தாள் அழிந்தாலும் படம் நிற்கும். ஆனால் படத்தைப் படிப்பவர் நிற்பாரா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

2. பழைய பஹிகள் பலவற்றில் வணிகர் வழங்கிய விரைவெழுத்து வகைகள் காணப்படுகின்றன. இவ்வகையைச் சேர்ந்த மகாஜனி எழுத்தில் உயிர்க்குறிகள் பொதுவாக எழுதப்படுவதில்லை. இது பற்றி வணிகரிடையே ஒரு கதை வழங்குகிறது. 'முதலாளி அஜ்மேர் சென்றார். பெரிய பஹியை அனுப்புக' என்று எழுதிய மடலை, 'முதலாளி இன்று இறந்தார். மூத்த மருமகளை அனுப்புக' என்று படித்தனராம். உயிர்க்குறி இன்றேல் 'அஜ்மேர்' என்பதும் 'ஆஜ் மர்' (இன்று இற) என்பதும் ஒன்றே; 'பஹீ' (ஏடு), 'பஹூ' (மருமகள்) என்பனவும் அவ்வாறே. நகைப்புக்குரிய இக்கதை குடும்ப வரலாற்றில் நகைப்புக்குரியதன்று. ஊரையும் குடும்பத்தையும் முன்னறிந்த பண்டாவுக்கே பெயரின் உயிரொலி தெரியும். அவர் மரபு அறுந்தால் மெய்யெழுத்துகளே எஞ்சும்.

3. மிதிலையின் 'பஞ்சி' வேறுவகைப் பதிவேடு. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்ணாட மரபின் ஹரிசிம்மதேவன் காலத்தில் இது முறைப்படுத்தப்பட்டது என்பது மரபு. மணமக்கள் தந்தை வழியிலும் தாய் வழியிலும் விலக்கப்பட்ட தலைமுறைகளுக்குள் உறவுடையவரல்லர் என்று பஞ்சிகாரர் ஏட்டை ஆராய்ந்து உறுதிசெய்வார். இவ்வேடுகளின் எழுத்து திருஹுதா. மைதிலி 2003ஆம் ஆண்டின் 92ஆம் திருத்தத்தால் எட்டாம் அட்டவணையில் இடம் பெற்றது. எனினும் இன்று அது பெரும்பாலும் தேவநாகரியிலேயே எழுதப்படுகிறது. தம் தாய்மொழியை நன்கறிந்த மைதிலரும் தம் குடிவழியைப் பிறர் உதவியின்றிப் படிக்க இயலாத நிலை இதன் விளைவாகும். 2014இல் திருஹுதாவும் மகாஜனியும் யூனிகோடில் சேர்க்கப்பட்டன. குறியேற்றம் எழுத்தைக் காக்கும், படிப்பவரை உருவாக்காது.

4. எழுத்தைக் கடந்தபின் உறவுச்சொல் எதிர்ப்படுகிறது. இந்தியில் தாயின் உடன்பிறந்தான் 'மாமா'. அத்தையின் கணவர் 'பூபா'. தமிழில் இருவரும் 'மாமா'. தந்தையின் தம்பியாகிய 'சாசா', சிற்றன்னையின் கணவராகிய 'மௌசா' ஆகிய இருவரும் தமிழில் 'சித்தப்பா'வாக ஒன்றுபடுவர். தமிழ் உறவுமுறையில் மாமன் மகள் மணத்திற்குரியவள். அதனாலேயே மாமனாரும் 'மாமா' ஆகிறார். எனவே பஞ்சி போன்ற ஆவணத்தைத் தமிழாக்குவோர் 'மாமா' என்று எழுதுமிடத்து, அவ்வாவணம் விலக்கும் மணவுறவையே தமிழ்ச் சொல் உட்கொண்டுவிடுகிறது.

5. இவற்றிலிருந்து சில நெறிகளைப் பெறலாம். முதலில் மூலத்தை எழுத்துப்பெயர்த்து, உயிரொலி ஊகமாயின் அதனைக் குறியிட்டுக் காட்டுதல் வேண்டும். ஊர்ப்பெயரின் பழைய வடிவங்களை இன்றைய வடிவத்திற்குத் திருத்தாமல் அருகே தருதல் வேண்டும். உறவுச்சொல்லை மூலவடிவிலேயே நிறுத்தி, 'தந்தையின் உடன்பிறந்தாள் கணவர்' என விரித்துரைத்தல் வேண்டும். இவை அனைத்தினும் முதன்மையானது, பண்டாக்களும் பஞ்சிகாரர்களும் ஏட்டைப் படிப்பதை ஒலிப்பதிவு செய்தல். தாளைக் காக்கும் முயற்சி பல்லாண்டுகளாக நடைபெறுகிறது. வாசிப்பைக் காப்பது மொழியியலாரின் பணி. அதற்குரிய காலம் இன்று ஏடு படிப்போரின் வாழ்நாள் அளவே.