பங்களா மேசையும் லயத்து அடுப்பும்

நுவரெலியாவில் பெரிய ஹோட்டல் ஒன்றில் பின்னேரம் நாலு மணிக்குப் போய் உட்கார்ந்தால் மூன்றடுக்குத் தட்டு ஒன்று வரும். வெள்ளரிக்காய் சான்விச், ஸ்கோன், கேக் எல்லாம் அதில் அடுக்கியிருக்கும். பக்கத்தில் பீங்கான் கேத்தலில் தேத்தண்ணி. இதற்குப் பெயர் 'ஹை டீ'. வெளிநாட்டுக்காரர் மட்டுமில்லை, கொழும்பிலிருந்து கோச்சி ஏறி வருகிறவர்களும் இதைச் சாப்பிட்டுப் படம் எடுத்துப் போடத்தான் வருகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இங்கிலாந்தில் சீமாட்டிமார் பின்னேரம் கேக்கோடு குடித்ததற்குப் பெயர் 'ஆஃப்டர்நூன் டீ'. 'ஹை டீ' என்பது ஆலைத் தொழிலாளி வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, பசியோடு உயரமான சாப்பாட்டு மேசையில் இருந்து சாப்பிட்ட ராச்சாப்பாடு. தொழிலாளியின் சாப்பாட்டுப் பெயரைத் துரைசானியின் தட்டில் ஒட்டித்தான் இன்று மலைநாட்டில் விற்கிறார்கள்.

நம்ம மலையில் சாப்பாட்டுச் சுற்றுலா, தேயிலைச் சுற்றுலா என்று எதைச் சொன்னாலும் அது பங்களா மேசையின் கதையாகவே இருக்கிறது. லயத்து அடுப்புக்கும் ஒரு வரலாறு உண்டு, அதற்கும் ஆண்டுகள் இருக்கின்றன. அதை யாரும் மெனுவில் போடுவதில்லை. ஏன் போடுவதில்லை என்று தேடிப் போனால், விஷயம் சமையலில் இல்லை, காணியில்தான் போய் முட்டுகிறது.

முதலில் பங்களாப் பக்கம். நுவரெலியா தேயிலைக்கு முன்னமே வெள்ளைக்காரர் உடம்பு தேற வந்த ஊர். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களின் கடைசியில் அங்கே தனக்கு ஒரு வீடு கட்டினார். இன்றைய கிராண்ட் ஹோட்டல் அந்த வீட்டிலிருந்து வளர்ந்ததுதான். இதே பார்ன்ஸ்தான் கண்டிக்கு ரோடு போட்டவர், கோப்பித் தோட்டமும் வைத்திருந்தவர். ஆளுநரே தோட்டக்காரர் என்றால் வரியும் சட்டமும் யார் பக்கம் சாயும் என்று சொல்லவே வேண்டாம்.

அவருக்குப் பிறகு 1848ல் சாமுவேல் பேக்கர் வந்தார். வேட்டைக்காரர், பிறகு நைல் நதியின் ஊற்றைத் தேடிப் போய்ப் பேர் வாங்கியவர். நுவரெலியாவில் ஒரு குட்டி இங்கிலாந்தையே நட்டுவிடலாம் என்று மாடு, செம்மறி, விதை, கொல்லன் எல்லாவற்றையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். அவருடைய குடிகாரக் குதிரைக்காரன் வண்டியை ரம்பொடைப் பள்ளத்தில் இறக்கிவிட்ட கதையை அவரே தன் புத்தகத்தில் சிரித்துச் சிரித்து எழுதியிருக்கிறார். இன்று நாம் 'மரக்கறி' என்றாலே நினைக்கிற கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட் இந்தக் குளிரில் வேர்பிடித்ததற்கு இப்படி வந்தவர்களின் வாய் ருசியும் ஒரு காரணம். பியரும் அப்படித்தான். லயன் பியர் தன் வரலாற்றை நுவரெலியாவில் 1881ல் தொடங்கிய வடிசாலையிலிருந்து எண்ணுகிறது. திராட்சை விளையாத மலையில் வைனுக்குப் பதில் அது இருந்தது. தொழிலாளிக்கோ அது எட்டாது. அவருக்குத் தவறணையில் சாராயம், அரசாங்கத்துக்கு அதில் வரும்படி.

தேயிலையும் ஒரு விறாந்தையில்தான் தொடங்கியது. ஜேம்ஸ் டெய்லர் 1867ல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். தொழிற்சாலை கிடையாது. பங்களா விறாந்தையில் மேசை போட்டு, கொழுந்தைக் கையால் உருட்டி, மண் அடுப்பில் கரி நெருப்பில் காயவைத்தார்கள். உருட்டிய கைகள் யாருடையவை என்று தெரியும்தானே. 1869ல் கோப்பிக்கு இலைநோய் வந்து, அடுத்த இருபது வருஷத்துக்குள் கோப்பி அழிந்து, மலை முழுக்கத் தேயிலையானது. கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கிற காலத்துக்கு வந்து திரும்பிப் போகலாம். தேயிலை வருஷம் பூரா கொழுந்து விடும், ஆளை வருஷம் பூராவும் வைத்திருக்கவேண்டும். லயம் நிரந்தரமானது இப்படித்தான்.

பங்களாக் குசினியில் ஒரு கலப்புச் சமையல் உருவானது. அப்பு என்று கூப்பிடப்பட்ட சமையல்காரர் துரைக்கு சூப்பும் ரோஸ்டும் செய்வார், ஞாயிற்றுக்கிழமை சோறும் கறியும். அந்தச் சூப்பில் ஒன்று 'மல்லிகட்டானி'. நம்ம மிளகுத்தண்ணிதான். சென்னைப் பட்டணத்து வெள்ளைக்காரன் ரசத்தைச் சூப்பாக்கி, அதில் இறைச்சி போட்டு, உலகம் முழுக்கக் கொண்டுபோனான். ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்தவை என்று மிளகுத்தண்ணி, கறி, கூலி மூன்றையும் சொல்வார்கள். மூன்றாவது சொல்லின் வேர் பற்றிப் பண்டிதர்கள் சண்டை போடட்டும். முதல் இரண்டும் மெனுவில் ஏறிவிட்டன, மூன்றாவதுக்கு லயத்தில் காம்பரா கிடைத்தது.

இப்போ அந்தக் காம்பராவுக்கு வருவோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதன் மூலையிலோ உள்ளேயோ அடுப்பு. அதில் வெந்தது முதலில் சோறு. அரிசியைத் தோட்டமே கொடுத்தது, ஆனால் சும்மா கொடுக்கவில்லை. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த அரிசியை மாதாமாதம் அளந்து கொடுத்து, விலையைச் சம்பளத்தில் கழித்தார்கள். கங்காணியிடம் வாங்கிய கடன் இன்னொரு பக்கம். கடன் எவ்வளவு என்று எழுதிய 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. துண்டை 1921ல்தான் சட்டம் ஒழித்தது. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குறைந்தபட்சச் சம்பளம் நிர்ணயமாகி 1929ல் நடைமுறைக்கு வந்தபோது மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. கொழுந்து எடுப்பதில் பெண் கை முந்தினாலும் சம்பளத்தில் 11 சதம் பிந்தியது.

பிறகு ரொட்டி. மலையகத்துச் சாப்பாடு என்றால் எல்லாரும் தேங்காய்ப்பூ போட்ட கோதுமை மா ரொட்டியையும் கட்ட சம்பலையும் சொல்வார்கள். ஏதோ ராமநாதபுரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்த பழக்கம் போல. வந்தவர்கள் கம்பும் கேழ்வரகும் சோறும் தின்றவர்கள். கோதுமை மா நம் அடுப்புக்குப் பெருமளவில் வந்தது இரண்டாம் உலகப் போரோடு. 1942ல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்தது, அரிசிக் கப்பல் நின்றது. நாட்டில் பங்கீடு வந்தது, அரிசியில் குறைந்ததை மாவால் நிரப்பினார்கள். போர் முடிந்த பிறகும் மா போகவில்லை. அமெரிக்க மா வந்தது, 1980ல் திருகோணமலையில் பிரீமா ஆலையே வந்தது. விடிய ஆறு மணிக்குப் பெரட்டுக்கு ஓடவேண்டிய பெண்ணுக்கு ரொட்டி வசதியும்கூட. கறி வேண்டாம், சுருட்டிக் கொண்டு போகலாம், மலையில் நின்றபடியே தின்னலாம். பஞ்சமும் பெரட்டு மணியும் சேர்ந்து சுட்ட ரொட்டி அது. ருசியாக இருக்கிறது என்பது வேறு விஷயம், நான் அதை மறுக்கவில்லை.

அந்த மாவும் கிடைக்காத காலம் ஒன்று இருந்தது. 1973, 74. உலகச் சந்தையில் எண்ணெயும் தானியமும் விலையேற, அரசாங்கம் பங்கீட்டைக் குறைத்தது. கிராமத்து ஆளுக்கு வீட்டுக்குப் பின்னால் ஒரு பலாவோ மரவள்ளியோ இருந்தது. லயத்துக்குப் பின்னால் இருந்தது கம்பனியின் தேயிலை. தோட்டங்கள் அரசுடைமையாகிக் கொண்டிருந்த நேரம் வேறு, வேலை நாளும் குறைந்தது. தோட்டத்துச் சாவு விகிதம் நாட்டின் சராசரியைத் தாண்டி மேலே போனது. பாண் வரிசை, கிழங்கு தேடி அலைந்தது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனது எல்லாம் வயசானவர்கள் வாயில் இன்னும் இருக்கிறது. நமது சாப்பாட்டு வரலாற்றில் நடு அத்தியாயம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

தேத்தண்ணியும் அப்படித்தான். கொழும்பில் 1883ல் தொடங்கிய ஏலத்துக்குப் போவது நல்ல ரகம். லயத்துக் கேத்தலில் கொதித்தது தூள். பால் இல்லாத சாயத்தைக் கையில் சீனியோ சர்க்கரையோ வைத்து நக்கிக்கொண்டு குடிக்கிற பழக்கம், சீனி சுருக்கமாய்ச் செலவழியவேண்டிய வீட்டில்தானே பிறக்கும்? 1890ல் இலங்கைக்கு வந்து தோட்டங்கள் வாங்கிய தோமஸ் லிப்டன், தோட்டத்திலிருந்து நேரே கேத்தலுக்கு என்று உலகம் முழுக்க விளம்பரம் செய்தார். அந்த விளம்பரப் படங்களில் கொழுந்துக் கூடையோடு தமிழ்ப் பெண் நிற்பாள். அவள் வீட்டுக் கேத்தல் அந்தப் படத்தில் வராது.

1990களில் இந்தக் கதை புதிதாக விலைபோகத் தொடங்கியது. கந்தப்பளைப் பக்கம் ஹெதர்செட் தோட்டத்தில் ஓட்டம் நின்றுபோயிருந்த தொழிற்சாலையை எயிட்கன் ஸ்பென்ஸ் 1996ல் ஹோட்டலாக்கித் திறந்தது. பழைய இயந்திரங்கள் அப்படியே நிற்க, கொழுந்து வாடப்போட்ட மாடிகள் படுக்கையறைகளாயின. 2005ல் டில்மா குடும்பத்தார் காசல்ரீ, பொகவந்தலாவைப் பக்கத்துத் துரை பங்களாக்களைச் சேர்த்து 'சிலோன் டீ ட்ரெயில்ஸ்' தொடங்கினார்கள். ஒரு ராத்திரிக்கு நூற்றுக்கணக்கான டொலர். 2024ல் நிர்ணயித்த அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 1,350 ரூபாவாக இருந்தது. மாதம் 25 நாள் பேர் போட்டாலும் அப்போது 33,750 ரூபாதான். அந்த ஹோட்டல்களில் நம்ம பிள்ளைகள் வேலை செய்கிறார்கள், கொழுந்து எடுப்பதைவிட அது நல்ல வேலை என்றும் சொல்கிறார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவர்கள் அங்கே விருந்து பரிமாறுகிறவர்கள், விருந்துக்கு அழைக்கிறவர்கள் இல்லை.

இந்த வித்தியாசம் விளங்க கொஞ்சம் தூரம் போகவேண்டும், மத்தியதரைக் கடலில் இருக்கிற சிசிலித் தீவுக்கு. அங்கேயும் கதை ஓர் ஆங்கில வியாபாரியோடு தொடங்குகிறது. 1773ல் ஜோன் வுட்ஹவுஸ் என்பவர் மர்சாலா ஊரில் இறங்கி, அந்த ஊர் வைனில் மதுசாரம் சேர்த்து, கப்பலில் கெடாதபடி இங்கிலாந்துக்கு அனுப்பிப் பணக்காரரானார். நெல்சனின் கடற்படையே வாங்கிக் குடித்தது. தீவின் உள்நாட்டில் பெருநிலம் முழுக்கப் பிரபுக்கள் கையில், விவசாயி கூலிக்காரர். நம்ம கதைதான், தேயிலைக்குப் பதில் திராட்சையும் கோதுமையும்.

பாதை பிரிந்தது 1950ல். விவசாயிகள் பல வருஷம் போராடி, சிலர் சுடப்பட்டுச் செத்த பிறகு, சிசிலியில் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்து பெருநிலத்தில் ஒரு பகுதியாவது குடும்பங்களுக்குப் பிரிந்தது. 1985ல் இத்தாலி 730ஆம் இலக்கச் சட்டம் போட்டது. விவசாயம் செய்கிறவரே தன் நிலத்தில், தன் வீட்டில், தன் விளைச்சலைச் சமைத்து விருந்தாளியைத் தங்கவைக்கலாம், பிரதான தொழில் விவசாயமாகவே இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். சிசிலி சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. இன்று அங்கே அறுவடைக்கு இறங்குவது ஆபிரிக்காவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்த கூலிகள். ஆனாலும் ஒரு கிராமத்துப் பாட்டி தன் ஏழ்மைக்காலச் சாப்பாட்டைத் தன் மேசையில் வைத்து, காசும் தானே வாங்குகிறாள்.

இங்கேயும் காணிச் சீர்திருத்தம் 1972லும் 1975லும் வந்தது. நிலம் கம்பனியிடமிருந்து அரசுக்குப் போனது. பிரித்துக் கொடுத்த இடத்தில் தோட்டத் தமிழருக்குப் பங்கு இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பறித்திருந்தது, 1964 ஒப்பந்தம் ஆட்களை இரண்டு நாட்டுக்கும் பங்கு பிரித்திருந்தது. நாடே இல்லாதவனுக்கு யார் காணி கொடுப்பார்கள்? 1992ல் நிர்வாகம் மறுபடி தனியார் கம்பனிகளுக்குப் போய், பிறகு நீண்டகாலக் குத்தகையானது. மிச்சமிருந்தவர்களுக்கெல்லாம் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003ல்தான் வந்தது. வாக்கு வந்துவிட்டது, வீட்டு உறுதி இன்னும் பெரும்பாலானவர்கள் கையில் இல்லை.

இப்போ டயகமவுக்கு வருவோம். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டங்களாகப் போகிற 'பெக்கோ ட்ரெயில்' நடைபாதையை ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் கொடுத்த நிதியில் அமைத்தார்கள். புதுப் பாதை எதுவும் வெட்டவில்லை. தோட்டத்து ரோடும் கொழுந்து சுமந்த ஒற்றையடிப் பாதையும்தான். அதில் ஒரு கட்டம் பொகவந்தலாவையிலிருந்து டயகமவுக்கு வருகிறது, இங்கிருந்து ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் ஏறுகிறது. முதல் தடவையாகச் சுற்றுலாக்காரர் வானிலிருந்து இறங்கி, காலால் நடந்து, லயத்து வாசல் வழியே போகிறார். மலை ஏறி வந்தவருக்குப் பசிக்கும். இஸ்தோப்பில் ரொட்டி வேகிற வாசனை வரும்.

அந்த ரொட்டியை அவருக்குக் கொடுத்துக் காசு வாங்க அந்த வீட்டுக்கு எது தடை? ஒரு பிளேன்டீயும் ரொட்டியும் யாரும் விற்கலாம். அதற்கு மேல் ஓர் அறை சேர்க்க, கழிப்பறை கட்ட, வங்கியில் கடன் எடுக்க, விருந்தினர் விடுதி என்று பதிய, உறுதி கேட்பார்கள். காம்பரா தோட்டத்துச் சொத்து. ஒரு தகரம் மாற்றவே நிர்வாகத்தைக் கேட்கவேண்டும். ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிக்கொடுத்த புதிய வீடுகளில் இதற்கு ஒரு வழி திறக்கலாம், உறுதியும் கையில் வந்திருந்தால். ஏழு பேர்ச்சில் வீடு போக மிஞ்சுவது ஒரு பாத்தி கீரைக்கு இடம்தான், சிசிலிக்காரரின் திராட்சைத் தோட்டம் இல்லை.

காணி வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் இன்னொன்று கைவிட்டுப் போகும். 1942ல் பங்கீட்டு மா வாங்கப் பெரியவர்களோடு வரிசையில் நின்ற பத்து வயதுப் பிள்ளைக்கு இப்போ தொண்ணூறு தாண்டிவிட்டது. 74ல் கைக்குழந்தையோடு இருந்த இளம் தாய்மாருக்கு எழுபதுக்கு மேல். கூட்டுச் சமையலுக்கு அரிசி எப்படிப் பங்கு போட்டார்கள், கிழங்கு எந்த ஆற்றோரத்தில் தோண்டினார்கள், மா இல்லாத நாளில் ரொட்டிக்கு எதைச் சேர்த்தார்கள், எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். போனில் ஒலிப்பதிவு இருக்கிறது. உங்க லயத்தில் யார் இருக்கிறார்கள் என்று இந்த வாரம் பாருங்க. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் பேச்சு தானாக வரும்.