தராசும் பற்று நோட்டும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை திருவல்லிக்கேணியில் குடியிருந்த மாதச் சம்பளக்காரர்களுக்கு மளிகைக் கடைக்காரர் மேல் இருந்த கோபம் ஒன்றிரண்டல்ல. அரிசியில் கல் கிடக்கும். நெய்யில் கொழுப்பு கலந்திருக்கும். தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டியிருக்கிறதோ என்ற சந்தேகம் எப்போதும் உண்டு. அப்படியிருந்தும் அடுத்த தெருக் கடைக்கு மாறிப் போகிறவர் குறைவு. காரணம் கடைக்காரரின் கல்லாப்பெட்டிக்கு அருகே இருந்த பற்று நோட்டு. சம்பளம் வந்ததும் பழைய பாக்கியில் ஒரு பகுதி அடையும். மறுநாளே புதிய பற்று ஏறும். பாக்கி வைத்திருப்பவர் எடையைப் பற்றி வாய் திறந்தால், கடைக்காரர் பாக்கியைப் பற்றி வாய் திறப்பார்.

சரியான எடை ஒரு கடையில் கிடைக்கும், மரியாதை இன்னொரு கடையில் கிடைக்கும், இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது என்ற நிலை தமிழக வாடிக்கையாளருக்கு நூறாண்டுக்கு மேலாகத் தொடர்கிறது. அந்தக் கதையைத் தொடங்க திருவல்லிக்கேணி நல்ல இடம். இந்தியாவின் முதல் நுகர்வோர் கூட்டுறவுப் பண்டகசாலை அங்குதான் பிறந்தது.

அளவைக் குறித்த சச்சரவு அதைவிட மிகப் பழையது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நெல்லைக் குறிப்பிடும்போது வெறுமனே இத்தனை கலம் என்று நிறுத்துவதில்லை. 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளந்தது, அது ராஜகேசரி மரக்காலுக்கு ஒத்தது என்று சேர்த்துப் பொறிக்கின்றன. பொன்னை நிறுக்கவும் அதே ஆடவல்லான் பெயரில் கல் இருந்தது. எந்த மரக்கால் என்று சொல்லாமல் விட்டால் பின்னால் வழக்கு வரும் என்று அன்றைய கணக்கர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியிலும் குழப்பம் தீரவில்லை. 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு பாரம் என்று சென்னைப் பட்டணத்துக்கு ஒரு வாய்ப்பாடு இருந்தது. ஆனால் படி ஊருக்கு ஊர் மாறியது. பட்டணத்துப் படி வேறு, தெற்கத்திப் படி வேறு. அதிலும் தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பது கடைக்காரரின் கையில் இருந்தது. வாங்கும்போது குவித்தும் விற்கும்போது தட்டியும் அளக்கும் வியாபாரியைச் சந்தையில் எல்லோருக்கும் தெரியும். தட்டிக்கேட்க ஆள் இல்லை. உணவுக் கலப்படத்துக்கு எதிராகச் சென்னை மாகாணம் தனிச் சட்டம் இயற்றியது 1918-ல்தான்.

அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1904-ல், திருவல்லிக்கேணியின் படித்த நடுத்தர வர்க்கத்தார் சிலர் கூடித் தாங்களே கடை வைப்பது என்று முடிவெடுத்தார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி. பின்னாளில் ஆங்கிலப் பேச்சாற்றலுக்குப் பெயர் பெற்று, தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் பிரதிநிதியாக இருந்த அதே சாஸ்திரிதான். அப்போது அவர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் என்ற நீண்ட பெயரை ஊர் மக்கள் டி.யு.சி.எஸ். என்று சுருக்கிக்கொண்டார்கள்.

முன்மாதிரி இங்கிலாந்திலிருந்து வந்தது. ராச்டேல் என்ற நெசவாலை நகரில் 1844 டிசம்பரில் 28 பேர் சேர்ந்து ஒரு சிறு கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி: ஆரம்பச் சரக்கு அவ்வளவே. கலப்படமில்லாத பொருள், முழு எடை, ரொக்க விற்பனை, லாபத்தை வாங்கிய அளவுக்கேற்பப் பங்கிடுதல் என்று விதிகள் வைத்தார்கள். பங்கு எத்தனை வைத்திருந்தாலும் உறுப்பினருக்கு ஒரே ஓட்டு. கடனில்லை என்ற விதி இவற்றில் மிகக் கூர்மையானது. பற்று நோட்டை மூடினால்தான் வாடிக்கையாளருக்குக் குரல் வரும் என்பதை அந்த நெசவாளிகள் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்கள்.

1904 மார்ச்சில் இந்தியாவில் நிறைவேறிய கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. விவசாயியை லேவாதேவிக்காரரிடமிருந்து மீட்பதே அதன் நோக்கம். மளிகைக் கடை நடத்த விரும்பும் நகரவாசிகளை அது நினைத்துப் பார்க்கவில்லை. கடன் கொடுப்பது தவிர மற்ற வேலைகளுக்கான கூட்டுறவுச் சங்கங்களுக்கு 1912 சட்டம்தான் தாராளமாக வழிவிட்டது. அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே திருவல்லிக்கேணிக்காரர்கள் அரிசியும் பருப்பும் நிறுத்துக்கொண்டிருந்தார்கள்.

சங்கம் வளர்ந்தது, நகரின் பிற பகுதிகளிலும் கிளைகள் வந்தன. ஆனாலும் தனியார் மளிகைக் கடை அழியவில்லை. மாத ஆரம்பத்தில் ரொக்கம் கொடுத்து மொத்தமாகச் சாமான் வாங்கக்கூடிய குடும்பங்களுக்கே பண்டகசாலை பொருந்தியது. தினக்கூலி வாங்குகிறவர் மாலையில் கால்படி அரிசியும் ஒரு கை மிளகாயும் வாங்குபவர்; வேலை இல்லாத நாளில் கடன் கேட்பவர். அவருக்குப் பண்டகசாலையில் இடமில்லை.

அந்த இடத்தைத் தென்மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வந்து கடை போட்டவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அண்ணாச்சி கடை என்று நகரமே அழைத்த அந்தக் கடைகள் விடியும் முன் திறந்து, தெரு அடங்கிய பிறகு மூடின. "என்னக்கா, ரெண்டு நாளா ஆளையே காணோம்?" என்று விசாரிப்பு இருக்கும். சின்னப் பையன் சீட்டோடு வந்தாலும் சாமான் ஒழுங்காகப் போகும். கொசுறாகக் கொஞ்சம் கறிவேப்பிலையோ ஒரு துண்டு வெல்லமோ கிடைக்கும். எடையில் ஐந்து பத்து கிராம் முன்பின் இருந்தால் கேட்க மனம் வராது. 'கடன் அன்பை முறிக்கும்' என்று சுவரில் எழுதி வைத்துக்கொண்டே கடன் கொடுத்தவர்கள் அவர்கள்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் காட்சி மாறியது. 1940-களில் அரிசிக்குப் பங்கீடு வந்தது. அட்டை இருந்தால்தான் அரிசி. பங்கிட்டுக் கொடுக்கும் வேலைக்கு அரசு கூட்டுறவுப் பண்டகசாலைகளைப் பெருமளவில் நம்பியது. தானாக விரும்பி உறுப்பினரான வாடிக்கையாளர் போய், வேறு வழியில்லாமல் வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர் வந்தார். 1952-ல் முதல்வர் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். 1960-களின் நடுவில் அரிசிப் பஞ்சம் மீண்டும் தலைதூக்க, கட்டுப்பாடும் திரும்பியது. அந்த எரிச்சல் 1967 தேர்தலில் காங்கிரஸ் ஆட்சியைக் கவிழ்த்த காரணங்களுள் ஒன்று. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொல்லி வந்த அண்ணாவின் அரசு, படி அரிசித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்தது.

இன்று மாநிலத்தில் உள்ள 30,000-க்கு மேற்பட்ட நியாய விலைக் கடைகளில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. சென்னையில் பல ரேஷன் கடைகளின் பலகையில் டி.யு.சி.எஸ். என்றே எழுதியிருக்கிறது. குறை எடைக்கு எதிராகப் பிறந்த அமைப்பு, குறை எடைப் புகார் ஓயாமல் கேட்கும் கடையின் உரிமையாளராகிவிட்டது.

ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்குப் புகார்ப் பட்டியல் மனப்பாடம். சர்க்கரை வேண்டுமென்றால் டீத்தூளும் உப்பும் சேர்த்து வாங்க வேண்டும். பாமாயில் "ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க." அடுத்த வாரம் போனால் "நேத்தே முடிஞ்சுபோச்சு." 2017-ல் ஸ்மார்ட் கார்டும் விற்பனைக் கருவியும் வந்தபின் புதிய ரகம் ஒன்று சேர்ந்தது: வாங்காத பருப்பை வாங்கியதாகக் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும். கவுண்டருக்கு உள்ளே இருப்பவரின் பதிலும் கேட்கத் தக்கதுதான். கிடங்கிலிருந்து வரும் மூட்டையே எடை குறைவாக வருகிறது, சிந்திச் சிதறியதும் எங்கள் தலையில் விழுகிறது, பொட்டலமாகக் கொடுங்கள் என்று விற்பனையாளர் சங்கங்கள் பலமுறை போராடியிருக்கின்றன. 2011 முதல் அரிசி இலவசம். இலவசமாகக் கிடைக்கும் பொருளுக்கு எடை கேட்பவரை முறைத்துப் பார்ப்பது சுலபம்.

பிற்காலத்தில் கூட்டுறவுத் துறை வேறொரு முகத்தையும் காட்டிப் பார்த்தது. கோவையில் சிந்தாமணி, மதுரையில் பாண்டியன், சென்னையில் காமதேனு என்று பேரங்காடிகள் திறந்தன. பொட்டலத்தில் எடை, சீட்டில் விலை, பேரமில்லை, பில் உண்டு. நடுத்தரக் குடும்பங்கள் நம்பிப் போன இந்தக் கடைகளில் குறையாகச் சொல்லப்பட்டது எடை அல்ல, ஊழியரின் அலட்சியம். கேட்டால் எழுந்து வந்து எடுத்துக் கொடுக்க ஆளில்லை. மதிய உணவு நேரத்தில் கவுண்டர் மூடிக்கிடக்கும். தனியார் பேரங்காடிகள் வந்ததும் கூட்டம் அங்கே போயிற்று.

இதற்கிடையே சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கடைக்காரரின் கையிலிருந்த சில சுதந்திரங்களைப் பறித்தன. 1956 எடையளவுச் சட்டத்தின்படி மெட்ரிக் முறை 1958 அக்டோபரில் தொடங்கியது. பலமும் வீசையும் மெல்ல மறைந்து கிலோ வந்தது. 1977-ல் பொட்டலப் பொருள்களுக்கான விதிகள் வந்தன. ஆனாலும் உறையில் விலைக்கு அடுத்து 'உள்ளூர் வரிகள் தனி' என்று இருக்கும் வரை, வரி எவ்வளவு என்பது கடைக்காரர் சொன்னதுதான். எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச சில்லறை விலையை அச்சிட வேண்டும் என்று 1990-ல் ஆன பிறகே அந்தக் கதவு அடைபட்டது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1986-ல். அதற்கு ஓராண்டு முன்பே சென்னையில் சி.ஏ.ஜி. என்ற குடிமக்கள் அமைப்பு நுகர்வோர் பிரச்சினைகளைக் கையில் எடுத்திருந்தது. வழக்கறிஞர் இல்லாமல் தானே வாதாடலாம் என்பது புதுமை. பரிசோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுவதை மாவட்ட ஆணையங்களின் படியேறியவர்கள் அறிவார்கள். 2019-ல் வந்த புதிய சட்டம் தெருக்கடை வரை இறங்கியது. பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிகம். திருப்பிக் கொடுக்கப் பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லின் அடியில் அச்சிட்டிருப்பதைக் காட்டிக் குறையுள்ள பொருளைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் வரி சேர்த்துப் பில் போட்டால் ஒரு விலை, போடாவிட்டால் ஒரு விலை என்று கடைக்காரர் சொல்லும்போது, விலை குறைந்ததை விரும்பும் வாடிக்கையாளர் தன் வழக்குக்கான ஆதாரத்தைத் தானே விட்டுக்கொடுக்கிறார்.

அச்சிட்ட விலையும் எல்லா இடத்திலும் செல்லுபடியாவதில்லை. 2003 நவம்பரில் மதுச் சில்லறை விற்பனை முழுவதும் அரசின் டாஸ்மாக் கைக்கு வந்தது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்கள் என்ற புகார் சட்டமன்றம் வரை பேசப்பட்டுவிட்டது. வேறு கடைக்குப் போகிறேன் என்று சொல்ல அங்கே வேறு கடையே இல்லை.

கவுண்டரின் மறுபக்கம் வெகுகாலம் யார் பேச்சிலும் வரவில்லை. 2010-ல் வெளிவந்த வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' திரைப்படம் தியாகராய நகர் ரங்கநாதன் தெருத் துணிக்கடை ஊழியர்களின் வாழ்க்கையைக் காட்டியபோதுதான், புடவையைப் பிரித்துக் காட்டும் பெண் ஏன் சிடுசிடுக்கிறாள் என்ற கேள்விக்கு ஒரு பதில் பரவலாகக் கிடைத்தது. நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்க வேண்டிய வேலை அது. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் பெண் ஊழியர்கள் நடத்திய நீண்ட போராட்டத்துக்குப் பின் 2018-ல் கேரளம் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021-ல் தமிழகமும் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது.

தமிழகத்தில் எடையளவுச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் துறைதான். கடை ஊழியர்களின் சட்டமும் அதே துறையிடம். ஆகவே தராசில் முத்திரை இருக்கிறதா, உறையில் விலை அச்சாகியிருக்கிறதா, ஊழியருக்கு நாற்காலி இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் பொறுப்பு ஒரே துறைக்கு. முதல் இரண்டுக்கும் கண்ணால் பார்த்தாலே விடை தெரியும். நாற்காலியில் உட்கார விடுகிறார்களா என்பதை ஊழியரிடம்தான் கேட்க வேண்டும். கேட்கும்போது மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்பார்.