மூன்று புலியும் பதினைந்து ஆடும்: கடைசிக் கட்டத்து டீமின் வரலாறு

ஸ்பிரிங்வெளியில் எங்கள் பக்கம் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற இடம் கோயில் மேடு மட்டும்தான். 2021இல் ஏ.எல். வகுப்புகள் ஒன்லைனுக்குப் போயிருந்த மாதங்களில் நாங்கள் ஐந்து பேர் அங்கேதான் குந்திக்கொண்டு இருப்போம். வகுப்பு முடிந்ததும் மிச்ச டேட்டாவில் கேம். பேர் வேண்டாம், ஹீரோக்களைச் சேர்த்து, ஐந்து பேர் கொண்ட டீம் அமைத்து, ஒவ்வொரு கட்டமாக ஏறிப் போகிற வழக்கமான ரோல் பிளேயிங் கேம்தான். எல்லாருமே லேட் கேம் வரைக்கும் வந்து ஒரே பாஸிடம் மாட்டிக்கொண்டு நின்றோம்.

எங்களில் ஒருத்தன் ஒருநாள் 3,000 ரூபாய்க்கு ரீலோட் போட்டான். வீட்டில் அரிசிக்கு வைத்திருந்த காசு. அந்த வருஷம்தான் தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆகியிருந்தது. ஆக, அவன் அம்மா மூன்று நாள் மலையில் நின்று பறித்த கொழுந்து அது. காசைப் போட்டுக் குலுக்கினான். கதையில் அவன் ஏமாந்திருந்தால் சொல்ல லேசு. ஆனால் அவனுக்கு விழுந்தது. தங்க நிற வெளிச்சம், லெஜண்டரி, நாங்கள் எல்லாரும் கத்தினோம். அன்றைக்கு இரவே அவளை டீமில் போட்டு அதே பாஸிடம் போனான். இரண்டாவது டர்னிலேயே ஐந்து ஹீரோவும் காலி.

ஏன் தோற்றான் என்ற கேள்வியில் இருந்துதான் இந்தக் கட்டுரை ஆரம்பமாகிறது. பதில் தேடிப் போனபோது அதற்கு ஐம்பது வருஷ வரலாறு இருப்பது தெரிந்தது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் எங்கள் கோயில் வாசலிலும் அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

முதலில் வெளிநாட்டுக் கதை. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டை வெளியிட்டார்கள். அதுவரைக்கும் போர் விளையாட்டு என்றால் ஒரு ஆள் ஒரு முழுப் படையை நகர்த்துவான். இவர்கள் அதை மாற்றி, ஒரு ஆளுக்கு ஒரே ஒரு பாத்திரம் என்று வைத்தார்கள். முதலில் இருந்தவை மூன்று வகைதான்: சண்டைக்காரன், மந்திரவாதி, மதகுரு. சண்டைக்காரன் அடி தாங்குவான், மந்திரவாதி தூரத்தில் நின்று அழிப்பான், மதகுரு காயத்தை ஆற்றுவார். ஒருத்தன் செய்வதை மற்றவன் செய்ய முடியாது. அதனால் நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தே ஆகவேண்டும். டீம் என்ற எண்ணமே ஆள் சேர்வதில் இருந்து வந்தது.

இது கணினிக்கும் டிவி கேமுக்கும் போனபோது மற்ற ஆட்கள் காணாமல் போனார்கள். எல்லாப் பாத்திரத்தையும் ஒருத்தனே ஓட்டினான். 1986இல் ஜப்பானில் வந்த முதல் ‘டிராகன் குவெஸ்ட்’டில் ஹீரோ தனி ஆள். அடுத்த வருஷமே வந்த இரண்டாம் பாகத்தில் மூன்று பேர். 1987 டிசம்பரில் வந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி’ ஆரம்பத்திலேயே ஆறு வகைகளைக் காட்டி நாலு பேரைத் தெரிவு செய்யச் சொன்னது. நாலு பேரையும் சண்டைக்காரர்களாகவே எடுக்கலாம், தடை இல்லை. ஆனால் காயம் ஆற்ற மந்திரக்காரர் இல்லாமல், மருந்துப் போத்தலை மட்டும் நம்பிக் குகைக்குள் போகவேண்டி வரும். ஆரம்பத்தில் செய்கிற தெரிவு கடைசிக் கட்டத்தில்தான் கணக்குக் கேட்கும் என்பதை அந்த கேம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது.

1999இல் ‘எவர்குவெஸ்ட்’, 2004இல் ‘வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்ட்’ என்று இணைய விளையாட்டுகள் வந்தபோது ஆட்கள் மறுபடி சேர்ந்தார்கள். டேங்க், ஹீலர், டேமேஜ் என்று இன்றைக்கு நாங்கள் சாதாரணமாகச் சொல்கிற மூன்று வேலைப் பிரிவும் இந்தக் காலத்தில்தான் ஊன்றியது. வார்கிராஃப்டில் அப்போது 60ஆம் லெவலுக்குப் பிறகு ஏற லெவல் இருக்கவில்லை. அதற்குப் பிறகும் ‘மோல்டன் கோர்’ என்ற எரிமலைக் குகை இருந்தது. உள்ளே போக 40 பேர் வரை சேர்ந்தார்கள். லேட் கேம் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது: தனித்தனியாக வளர்கிறது முடிந்த பிறகு, யார் யாரோடு சேர்ந்து நிற்கிறார்கள் என்பது மட்டுமே மிச்சமாக இருக்கிற இடம்.

இனி எங்கள் பக்கம். இதை வாசிக்கிற மலையகத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு புதுசாக இருக்காது. தோட்டங்களில் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு மூன்றும் ஆடிவந்தவர்கள் நாங்கள். அர்ச்சுனன் தபசை ஒரு கேமராகப் பாருங்கள். பாண்டவர்கள் காட்டில் இருக்கிறார்கள், பெரிய யுத்தம் வரப்போகிறது என்று தெரியும். அர்ச்சுனன் ஏற்கெனவே பெரிய வில்லாளி. ஆனாலும் இருக்கிற ஆயுதம் கடைசிச் சண்டைக்குக் காணாது. அதனால் தவம் போகிறான். சிவன் வேடனாக வந்து, ஒரு பன்றியை யார் அடித்தது என்று வம்பிழுத்துச் சண்டை பிடித்து, பிறகுதான் பாசுபதம் கொடுக்கிறார். லேட் கேமுக்கான கியரை எடுக்க முந்தியே போய்ச் சோதனையில் நிற்கிற கதைதானே இது? கூத்தில் அர்ச்சுனன் வேஷக்காரர் உயரமான தபசு மரத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறும்போது கீழே நிற்கிற கிழவிகள் கும்பிடுவார்கள். ஒரு படிக்கு ஒரு பாட்டு. யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

யுத்தம் நெருங்கிய பிறகு நடக்கிற தெரிவு இன்னும் முக்கியம். அர்ச்சுனனும் துரியோதனனும் ஒரே நேரத்தில் கண்ணனிடம் உதவி கேட்டுப் போகிறார்கள். ஒரு பக்கம் கண்ணனுடைய முழுச் சேனை. மறுபக்கம் ஆயுதம் எடுக்காத, சண்டை போடாத கண்ணன் மட்டும். அர்ச்சுனன் கண்ணனைக் கேட்டான். துரியோதனனுக்குச் சேனை கிடைத்ததில் ஒரே சந்தோஷம். படைக் கணக்கில் அவன் பக்கம் 11 அக்குரோணி, பாண்டவர் பக்கம் 7 மட்டும். ஒரு அடிகூட அடிக்காத தேரோட்டிக்காக அர்ச்சுனன் அவ்வளவையும் விட்டுக்கொடுத்தான். இன்றைய பாஷையில் சொன்னால் அவன் எடுத்தது ஒரு சப்போர்ட் ஹீரோ. தன்னால் சேதம் இல்லை, ஆனால் பக்கத்தில் நிற்கிறவனைச் சேதம் செய்ய வைப்பவர்.

கூத்துக்கு ஆள் பிடிக்கிறதும் டீம் அமைக்கிற வேலைதான். குரல் நல்லா இருக்கிறவன் கொழும்பில் கடையில் நிற்பான், லீவு கிடைக்காது. உயரமான ஆள் பாட்டு மறந்துபோவான். மாஸ்டர் இருக்கிற ஆட்களை வைத்துத்தான் வேஷம் பிரிப்பார். எங்கள் ஐந்து பேரில் எவனுக்கும் அர்ச்சுனன் வேஷம் கிடைத்ததில்லை. தீவட்டி பிடித்திருக்கிறோம். தீவட்டி சரிந்தால் அர்ச்சுனன் முகம் ஒருத்தருக்கும் தெரியாது என்பது அப்போதே விளங்கியது.

அப்படியென்றால், ஆள் சேர்ப்பதாக ஆரம்பித்த டீம் எப்படிக் காசு போட்டுக் குலுக்குகிறதாக மாறியது? அதற்கும் தேதி இருக்கிறது. ஜப்பானில் கடை வாசல்களில் ‘கச்சாபோன்’ மெஷின் இருக்கும். காசு போட்டுத் திருகினால் ஒரு உருண்டை விழும், உள்ளே பொம்மை. எந்தப் பொம்மை என்று திறந்தால்தான் தெரியும். அந்த முறை ஹீரோ சேர்க்கிற மொபைல் கேமுக்குள் வந்தது. 2012இல் ஜப்பானில் வெளியான ‘பஸல் அண்ட் டிராகன்ஸ்’ அதை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது. 2014இல் கொரியாவின் ‘சம்மனர்ஸ் வார்’, 2020இல் சீனாவின் ‘கென்ஷின் இம்பாக்ட்’ என்று அது வளர்ந்தது. டீம் அமைக்கிற அறிவு விளையாடுகிறவரிடமே இருந்தது. டீமுக்கான ஆட்கள் மட்டும் மெஷினுக்குள் போய்விட்டார்கள்.

இதில் கணக்கை ஒருதரம் கையால் போட்டுப் பாருங்கள். லெஜண்டரி விழுகிற வாய்ப்பு 0.5 வீதம் என்று வைப்போம். 200 தடவை குலுக்கினால் ஒன்று நிச்சயம் என்று நாங்களும் நினைத்தோம். அப்படி இல்லை. ஒவ்வொரு குலுக்கலும் முந்தின குலுக்கலை மறந்துவிடும். 100 பேர் ஆளுக்கு 200 தடவை குலுக்கினால், அதில் ஏறக்குறைய 37 பேருக்கு ஒன்றுகூட விழாது. இதனால்தான் சில கேம்கள் ‘பிட்டி’ என்று ஒரு எல்லை வைக்கின்றன. கென்ஷினில் ஐந்து நட்சத்திரப் பாத்திரம் விழுகிற அடிப்படை வாய்ப்பு 0.6 வீதம், 90ஆவது தடவைக்குள் ஒன்று கட்டாயம். ஆனால் அது நீங்கள் ஆசைப்பட்ட ஆளாகத்தான் இருக்கும் என்றில்லை.

அரசாங்கங்களும் இதைக் கவனிக்காமல் இல்லை. பல துண்டுகளைச் சேர்த்தால் பெரிய பரிசு என்ற ‘கொம்பு கச்சா’ முறையை 2012 மே மாதம் ஜப்பான் சட்டவிரோதம் என்றது. 2017இல் சீனா வாய்ப்பு வீதத்தைப் பகிரங்கமாகப் போடச் சொன்னது. 2018இல் பெல்ஜியம் காசு கொடுத்துத் திறக்கிற சில லூட் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. 2024 மார்ச்சில் தென் கொரியாவிலும் வாய்ப்பு வீதத்தைக் காட்டுவது சட்டம் ஆனது. கோயில் மேட்டில் நாங்கள் குலுக்கின கேமிலும் அந்த வீதம் எழுதித்தான் இருந்தது. சின்ன எழுத்தில், ஒரு மூலையில், இங்கிலீஷில். நாங்கள் அமத்திப் பார்க்கவே இல்லை.

சரி, அவன் ஏன் தோற்றான்? அவன் டீமில் ஏற்கெனவே மூன்று டேமேஜ் ஹீரோ. வந்து விழுந்த லெஜண்டரியும் டேமேஜ். அவளுக்கு இடம் கொடுக்க அவன் வெளியே எடுத்தது யாரை? ‘ரேர்’ என்று மட்டமாக நினைத்த, பாஸின் பாதுகாப்பை உடைக்கிற ஒரு சின்ன ஹீரோவை. பாதுகாப்பு உடையாததால் லெஜண்டரியின் அடி பாஸுக்கு உறைக்கவில்லை. ஆற்றுகிற ஹீலருக்கு ஸ்பீட் குறைவு, முறை வருவதற்குள் எல்லாரும் விழுந்துவிட்டார்கள். லேட் கேமில் பார்க்கவேண்டியது இதுதான்: யார் முதலில் அசைகிறார், அவர் செய்கிற வேலை அடுத்தவருக்கு உதவுகிறதா, அந்த உதவி தீர்வதற்குள் அடுத்தவரின் முறை வருகிறதா. உடைக்கிறவர் முதலில், அடிக்கிறவர் பிறகு. இந்த வரிசை மாறினால் லெஜண்டரியும் வெறும் படம்தான்.

இதற்கு உலகம் அறிந்த சாட்சி கென்ஷினின் ‘நேஷனல் டீம்’. சியாங்லிங், பென்னட், சிங்சியூ மூன்று பேரும் நாலு நட்சத்திரம். நாலாவது ஆளாகச் சோங்யுனையோ சுக்ரோஸையோ போடுவார்கள், அவர்களும் நாலு நட்சத்திரம்தான். சியாங்லிங்கை கேமே ஒரு கட்டத்தில் இலவசமாகத் தருகிறது. சிங்சியூவின் மழைவாள் எதிரியை நனைக்கும், நனைந்தவன்மேல் சியாங்லிங்கின் நெருப்பு பட்டால் சேதம் ஒன்றரை மடங்காகும். பென்னட் காயத்தையும் ஆற்றி, அடிக்கும் பலத்தையும் கூட்டி, சியாங்லிங்குக்கு நெருப்புச் சக்தியும் கொடுப்பான். அப்போது கேமின் ஆகக் கஷ்டமானவையாக இருந்த ‘ஸ்பைரல் அபிஸ்’ மாடிகளைப் பல பேர் இந்த டீமை வைத்தே முடித்தார்கள். தயாரித்த நிறுவனம் விலை வைத்த வரிசை ஒன்று, விளையாடுகிறவர்கள் கண்டுபிடித்த வரிசை வேறு.

எங்கள் தாத்தாக்களுக்கு இது தெரிந்திருந்தது. கல்லில் கரித்துண்டால் கட்டம் கீறி ஆடு புலி ஆட்டம் விளையாடினவர்கள். புலி 3, ஆடு 15. புலி தாண்டி வெட்டும், ஆட்டால் வெட்டவே முடியாது. ஒற்றை ஆடு புலிக்கு முன்னால் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு ஆட்டுக்குப் பின்னால் இன்னொரு ஆடு நின்றால் புலிக்குத் தாண்ட இடம் இல்லை. அப்படியே நெருக்கி நெருக்கி மூன்று புலியையும் அசையவிடாமல் கட்டிவிடலாம். அந்த ஆட்டத்தில் காசு கொடுத்து நாலாவது புலி வாங்க ஒருத்தருக்கும் வழி இருக்கவில்லை.

போன தீபாவளிக்கு அவன் கொழும்பில் இருந்து வந்திருந்தான். பழைய எக்கவுண்ட் இன்னும் இருக்கிறது என்று திறந்து காட்டினான். அந்த பாஸை எப்போதோ முடித்துவிட்டானாம். நாங்கள் டீமைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, போனை எட்டிப் பார்த்தார்.

“இதுல அந்த மூவாயிரம் ரூவா எதுடா?”

அவன் டீமை மூடிவிட்டு ஹீரோ பட்டியலைத் திறந்து, கீழே தள்ளிக்கொண்டே போனான். அவளைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.